பிஹோல்டு: மேய்ச்சலில் பிறந்த ஒரு பார்வைச் சொல்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு பிழை இன்னும் மறக்கவில்லை. ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் ஒருவர் ‘நான் யாருக்கும் பிஹோல்டன் இல்லை’ என்று சொல்வதாக ஒரு வரி. ‘பிஹோல்டு’ என்றால் பார். அப்படியானால் ‘பிஹோல்டன்’ என்றால் பார்க்கப்பட்டவன். இப்படிக் கணக்குப் போட்டு, ‘என்னை யாரும் கண்டதில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புத் திருத்தியவர் அதைச் சிவப்பு மையில் அடித்து, ‘நான் யாருக்கும் கடன்பட்டவன் அல்ல’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி.

திருத்தம் சரி. ஆனால் பார்ப்பதற்கும் கடன்படுவதற்கும் என்ன சம்பந்தம்? அவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அகராதிகளைப் புரட்டப் புரட்டத்தான், அந்தச் சொல்லை நான் பாதிதான் தெரிந்துவைத்திருந்தேன் என்பது புரிந்தது.

‘பிஹோல்டு’ பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. முதலாவது, “அது பழைய காலத்து ‘லுக்’, அவ்வளவுதான்” என்பது. இரண்டாவது, மேடைப் பேச்சிலும் வாட்ஸப்பிலும் வருவது: “பி என்றால் இரு, ஹோல்டு என்றால் பிடி. அசையாமல் இருந்து, பிடித்துக்கொள்! எவ்வளவு ஆழமான சொல் பாருங்கள்!” முதலாவது அரைகுறை. இரண்டாவது பாதி தப்பு, ஆனால் சுவாரசியமான தப்பு. எந்தப் பாதி தப்பு என்று பார்ப்போம்.

அடுப்பில் இருக்கும் பால்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அம்மா கொல்லைப்பக்கம் போகிறார். “டேய், பால் பொங்குதா பாரு” என்று சொல்லிவிட்டுப் போகிறார். இந்தப் ‘பாரு’வுக்கு என்ன பொருள்? பாலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனில் மூழ்கினால் போதுமா? அடுப்பெல்லாம் பால் வழிந்த பிறகு “பார்த்தேனேம்மா” என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கண் அந்தப் பாத்திரத்தை விட்டு நகரக்கூடாது. நுரை விளிம்புக்கு ஏறும்போது அடுப்பைத் தணிக்க வேண்டும். அதாவது அம்மா ஒப்படைத்துவிட்டுப் போனது ஒரு பொறுப்பு. கண் அதற்கான கருவி. அதே ‘பார்’, பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து “வழியில ஒரு மயிலைப் பார்த்தேன்” என்று சொல்லும்போது வேறு வேலை செய்கிறது. மயில் கண்ணில் பட்டது, போய்விட்டது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு நமக்கு இல்லை.

இந்த இரண்டு பார்வைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பிஹோல்டு’ பால் பாத்திரத்தின் பக்கத்தில் பிறந்த சொல். மயிலுக்கும் அதைச் சொல்லும் வழக்கம் பிறகு வந்தது.

‘ஹோல்டு’: கைக்கு முன்னால் மந்தை

முதலில் ‘ஹோல்டு’. இன்று இதைக் கேட்டதும் கைதான் நினைவுக்கு வருகிறது: குடையைப் பிடி, குழந்தையைப் பிடி, போனில் கொஞ்சம் பொறு. ஆனால் சொற்பிறப்பியல், அதாவது ஒரு சொல் எங்கே பிறந்து எப்படி உருமாறி வந்தது என்று ஆராயும் துறை, இந்தச் சொல்லின் பழைய பொருளாகக் கையைக் காட்டுவதில்லை. மந்தையைக் காட்டுகிறது.

 அதற்குத் தெளிவான சாட்சி கோதிக் என்ற மொழியில் இருக்கிறது. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, டேனிஷ் எல்லாம் ஜெர்மானியக் குடும்பம் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். கோதிக் அதே வீட்டில் பிறந்து, பிறகு வழக்கொழிந்துபோன மொழி. 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளைக் கோதிக்கில் மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பின் ஒரு பகுதி, ஊதா நிறம் ஏற்றிய தோலில் வெள்ளி, தங்க எழுத்துகளால் எழுதப்பட்ட 6-ஆம் நூற்றாண்டுச் சுவடியாக, ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அதில் லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரம், ஊதாரி மகன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு வெளியூர் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பட்டினி கிடக்கும் மகனை, அந்த ஊர்க்காரன் ஒருவன் வயலுக்கு அனுப்புகிறான். எதற்கு? கோதிக்கில் ‘ஹல்டன் ஸ்வீனா’ என்று இருக்கிறது. தமிழ் வேதாகமம் அதைப் ‘பன்றிகளை மேய்க்கும்படி’ என்று சொல்கிறது. அந்த ‘ஹல்டன்’தான் நம் ‘ஹோல்டு’க்கு இனச்சொல். ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு மொழிகளில் வளர்ந்த சொற்களை இனச்சொற்கள் என்பார்கள். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. அதே சுவடியில் மாற்கு நற்செய்தியிலும் பன்றி மேய்ப்பவர்களைக் குறிக்க இந்தச் சொல்தான் வருகிறது.

பன்றியை யாரும் கையில் பிடித்துக்கொண்டு மேய்ப்பதில்லை. ஒரு மேட்டில் நின்றுகொண்டு, எது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் மேய்ப்பு. எது ஓரமாய் ஒதுங்குகிறது, எது அடுத்தவன் வயலில் வாய் வைக்கப் போகிறது, எல்லாம் கண் கணக்கு. பிறகுதான் கோல், பிறகுதான் கை. மேய்த்தல், காத்தல், வைத்திருத்தல், பிடித்திருத்தல் என்று பொருள் விரிந்துகொண்டே போய், கடைசியில் ஆங்கிலத்தில் கைப்பிடி முன்னால் வந்து நின்றுகொண்டது.

‘பி’: இரு என்று பொருள் இல்லை

வாட்ஸப் விளக்கத்தில் தப்பான பாதி இதுதான். ‘பிஹோல்டு’வில் முன்னால் நிற்கும் ‘பி’, ‘டு பி ஆர் நாட் டு பி’யில் வரும் ‘பி’ இல்லை. அது ஒரு வினைச்சொல். இது ஒரு முன்னொட்டு, அதாவது தனியாக நிற்காமல் இன்னொரு சொல்லின் தலையில் ஏறி அதன் பொருளைச் சற்றே திருப்பிவிடும் துண்டு. எழுத்து ஒன்றாக இருப்பது தற்செயல்.

இந்த முன்னொட்டு வந்தது ‘பை’ என்ற சொல்லிலிருந்து. பக்கத்தில், சுற்றி என்று பொருள் தரும் அந்தப் ‘பை’ அழுத்தம் குறைந்து ‘பி’ ஆனது. நாம் தினமும் சொல்லும் ‘பிகாஸ்’ கூட ‘பை காஸ்’தான், ‘காரணத்தால்’. ‘பிஃபோர்’, ‘பிஹைண்ட்’ இரண்டிலும் இதே துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வினைச்சொல்லின் தலையில் ஏறும்போது இது பல வேலை செய்யும். சில சமயம் ‘சுற்றிலும்’ என்ற பொருள் தரும்: ‘பிசீஜ்’ என்றால் சுற்றி வளைத்து முற்றுகையிடு. சில சமயம் தானாக நடக்கும் செயலை ஒரு பொருளின் மேல் திருப்பும்: ‘மோன்’ என்றால் முனகு, ‘பிமோன்’ என்றால் இன்னதை நினைத்துப் புலம்பு. சில சமயம் முற்றாக, விடாமல் என்ற அழுத்தம் கூட்டும். ‘பிஹெட்’டில் தலையையே எடுத்துவிடும், அது தனிக் கதை.

ஆக ‘பி’யையும் ‘ஹோல்டு’வையும் சேர்த்தால் கிடைப்பது ‘இரு, பிடி’ அல்ல. ‘ஒன்றைச் சுற்றி, விடாமல் காத்திரு’ என்பது போன்ற ஒன்று. மேடைப் பேச்சாளருக்கு ஒரு ஆறுதல்: பிடிப்பு என்ற பாதியை அவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். பிடிப்பது கை என்று நினைத்ததுதான் சறுக்கல்.

ஒரே கவிதையில் இரண்டு பொருள்

சரி, காத்தல் எப்படிப் பார்த்தல் ஆனது? இந்த மாற்றத்தைக் கண்ணெதிரே பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கிறது.

5-ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய 1100 வரை இங்கிலாந்தில் பேசப்பட்ட மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறார்கள். இன்றைய ஆங்கிலேயர் ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டினால் ஜெர்மன் என்று நினைப்பார். அதில் எழுதப்பட்ட பெரும் கதைப்பாடல் ‘பேயோவுல்ஃப்’, 3,182 வரி. நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு சுவடி, சுமார் 1000-ஆம் ஆண்டில் படியெடுக்கப்பட்டது. 1731-இல் ஒரு தீவிபத்தில் ஓரங்கள் கருகி, எப்படியோ தப்பி, இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘பிஹோல்டு’வின் வடிவம் ‘பெஹெயால்டன்’. இறந்தகாலத்தில் ‘பெஹேயோல்ட்’. இந்த இறந்தகால வடிவம் அந்தக் கவிதையில் பல இடங்களில் வருகிறது. அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 494-ஆம் வரி. அரசனின் மண்டபத்தில் விருந்து. வந்த வீரர்களுக்கு இடம் ஒழித்துக் கொடுத்து உட்காரவைக்கிறார்கள். பணியாள் ஒருவன் வேலைப்பாடு செய்த மதுக்குவளையைக் கையில் ஏந்தி ஊற்றிக்கொண்டு வருகிறான். அவன் என்ன செய்தான் என்பதற்குக் கவிஞர் சொல்லும் வினை: பெஹேயோல்ட். தன் பணியை அவன் ‘பெஹேயோல்ட்’ செய்தான். இங்கே பார்வையே இல்லை. தனக்கு ஒப்படைத்த வேலையைக் கவனித்தான், குறைவில்லாமல் செய்தான் என்பதுதான் பொருள். கல்யாணப் பந்தியில் “சாம்பார் வாளியை நீ பாத்துக்கோ” என்று ஒருவரிடம் விடுவோமே, கிட்டத்தட்ட அது.

இரண்டாவது, 736-ஆம் வரி. அதே மண்டபம், நள்ளிரவு. விருந்தினர் எல்லோரும் தூங்குகிறார்கள். கிரெண்டல் என்ற அரக்கன் கதவைப் பிளந்துகொண்டு உள்ளே வருகிறான். தூங்கும் வீரர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறான். ஒருவன் மட்டும் தூங்கவில்லை. கதாநாயகன் பேயோவுல்ஃப், படுத்தபடியே அரக்கன் எப்படித் தாக்கப் போகிறான் என்று ‘பெஹேயோல்ட்’. அசையாமல், ஓசையில்லாமல், கண்ணை எடுக்காமல் கவனித்தான். பக்கத்தில் தூங்கிய ஒரு வீரனை அரக்கன் கிழித்துத் தின்று முடிக்கிறான். பிறகு இவன் பக்கம் கை நீட்டுகிறான். அந்தக் கையைப் பேயோவுல்ஃப் பிடிக்கிறான். முப்பது பேர் பலம் கொண்டது என்று முன்பே சொல்லிவைத்த பிடி. கடைசியில் அரக்கன் தன் கையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டியிருக்கிறது.

தோழன் சாவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தானே என்று இந்த இடத்தைப் படிக்கும் பலருக்கும் நெருடுகிறது. எனக்கும் நெருடியது. அந்த வினைக்குள் இருக்கும் காவல்காரப் பொருளைத் தெரிந்துகொண்டபின் கொஞ்சம் குறைந்தது. அவன் வேடிக்கை பார்க்கவில்லை. எதிரியின் போக்கைக் கணித்துக்கொண்டிருக்கிறான்.

ஆக, ஒரே கவிதை, ஒரே வடிவம். ஒரு பக்கம் கடமையைப் பார்த்துக்கொள்கிறது, இன்னொரு பக்கம் அரக்கனைப் பார்க்கிறது. பழைய பொருள் சாவதற்கு முன்பே புதிய பொருள் பிறந்துவிட்டது. இரண்டும் சில காலம் ஒரே வீட்டில் குடியிருந்தன.

கண்ணும் காவலும்

ஒரு சொல்லின் பொருள் காலப்போக்கில் பக்கத்துப் பொருளுக்கு நகர்வதைச் சொற்பொருள் மாற்றம் என்பார்கள். இது யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்வதல்ல. ஒரு செயலைச் சொல்லும்போது அதோடு கூடவே நடக்கும் இன்னொரு செயல் கேட்பவர் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. மந்தையைக் காப்பவன் எந்நேரமும் மந்தையைப் பார்க்கிறான். ‘அவன் மந்தையைக் காக்கிறான்’ என்று சொல்வதைக் கேட்கும் பிள்ளைக்கு எதிரே தெரிவதோ, ஒருவன் கோலை ஊன்றிக்கொண்டு உற்றுப் பார்த்தபடி நிற்பது. நாளாக ஆக, காவல் இல்லாத இடத்திலும் உற்றுப் பார்த்தால் போதும், அதே சொல் பொருந்திவிடுகிறது.

தமிழில் இதே பாதை எதிர்த்திசையில் ஓடுகிறது. நாம் பார்வையில் தொடங்கிக் காவலுக்குப் போகிறோம். ‘பார்’ என்பதோடு ‘கொள்’ சேர்ந்தால் ‘பார்த்துக்கொள்’. “பாப்பாவைப் பாத்துக்கோ” என்றால் பாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. ‘கண்காணி’யிலும் கண் இருக்கிறது, காண்பது இருக்கிறது, ஆனால் வேலை மேற்பார்வை. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கூலியாட்களை மேய்த்த கங்காணி இந்தச் சொல்லிலிருந்து வந்தவர்தான். ஆங்கில அகராதிவரை போய்விட்டார்.

ஆங்கிலத்தின் அக்கம்பக்கத்திலும் இதே கதைதான். லத்தீனில் ‘செர்வாரே’ என்றால் காப்பாற்று, பேணு. அதிலிருந்து வந்த ‘அப்சர்வ்’ என்ற சொல்லைப் பாருங்கள்: நட்சத்திரத்தையும் அப்சர்வ் செய்யலாம், நோன்பையும் அப்சர்வ் செய்யலாம். முதலாவது கூர்ந்து பார்ப்பது, இரண்டாவது கடைப்பிடிப்பது. பிரெஞ்சில் ‘கார்தே’ என்றால் வைத்திரு, காத்திடு. அதன் முன்னால் ‘ர’ சேர்த்து ‘ரகார்தே’ என்றால் பார். ஆங்கிலத்தில் வந்த ‘கார்டு’ என்ற காவலாளியும் ‘ரிகார்டு’ என்ற மதிப்பும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

எனக்குப் பிடித்த ஒற்றுமை இன்னொன்று. நம் ‘காத்திரு’வைப் பிரித்தால் ‘காத்து இரு’. ஆங்கில ‘வெயிட்’டும் பழைய பிரெஞ்சில் காவல் இருந்து பார்ப்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். கொக்கு மீனுக்காக நிற்பது மாதிரி, காவலும் பார்வையும் காத்திருப்பும் ஒற்றைக் காலில் ஒன்றாக நிற்கின்றன.

டென்மார்க்கில் மீதியை ‘பிஹோல்டு’ செய்யுங்கள்

இந்தச் சொல்லின் உடன்பிறப்புகள் மற்ற மொழிகளிலும் இருக்கின்றன. ஜெர்மனில் ‘பெஹால்டென்’, டச்சில் ‘பெஹவுடன்’, டேனிஷில் ‘பெஹோலே’. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: வைத்துக்கொள், பாதுகாத்து வை. எதிலும் பார்த்தல் என்ற பொருள் தலைதூக்கவில்லை. பார்வைப் பக்கம் போனது ஆங்கிலம் மட்டும்தான்.

டேனிஷில் ஒரு வேடிக்கை. ‘வைத்துக்கொள்’ என்று ஏவும்போது அவர்கள் எழுதும் வடிவம், ஆங்கிலப் ‘பிஹோல்டு’வுக்கு எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும், உச்சரிப்பு மட்டும் வேறு. சில்லறையைத் திருப்ப வரும் பணியாளரிடம் டேனிஷ்காரர் “மீதியை நீயே வைத்துக்கொள்” என்று சொல்வதை எழுதிப் படித்தால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு ‘இதோ, மீதிப் பணத்தைக் கண்குளிரக் காண்பாயாக’ என்று தோன்றும்.

இப்போது என் பழைய பிழைக்குத் திரும்பலாம். ‘பிஹோல்டன்’ என்பது ‘பிஹோல்டு’வின் பழைய இறந்தகால எச்சம். பார்த்தல் என்ற பொருளில் அந்த வடிவம் வழக்கொழிந்து ‘பிஹெல்டு’ அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் ‘பிடிக்கப்பட்ட, கட்டுண்ட’ என்ற பழைய பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ‘பிஹோல்டன்’ பிழைத்துக்கொண்டது. ஒருவரின் உதவியால் அவரிடம் கட்டுண்டு இருப்பவர், நன்றிக்கடன் பட்டவர். 14-ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பொருள் காணக் கிடைக்கிறது. தாய்ச்சொல் கண்ணைத் தேடிப் போய்விட்டது. பிள்ளைச்சொல் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்தக் கேள்விக்குறிக்கு இதுதான் பதில். மெய்ப்புத் திருத்தியவருக்குச் சொல்லத்தான் வாய்க்கவில்லை, அதற்குள் அவர் வேறு இடம் போய்விட்டார்.

‘பிஹோல்டு!’: பார் என்று சொல்லாத பார்

இவ்வளவு நேரம் வினைச்சொல்லாகப் பார்த்தோம். ஆனால் பெரும்பாலோர் இந்தச் சொல்லை முதலில் சந்திப்பது ஒரு கூவலாகத்தான்: ‘பிஹோல்டு!’ இது வேறு வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நிறையக் குழப்பம்.

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பைபிளில் இந்தச் சொல் ஆயிரம் தடவைக்கு மேல் வருகிறது. அதில் பெரும்பகுதி கூவல்தான். எபிரேய மூலத்தில் ‘ஹின்னே’ என்றும் கிரேக்கத்தில் ‘இடூ’ என்றும் ஒரு சிறு சொல் இருக்கும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘பிஹோல்டு’ என்று போட்டுக்கொண்டு போனார்கள். லத்தீனில் அந்த இடத்தில் ‘எக்கே’. இவற்றின் வேலை, கேட்பவரைத் தோளில் தட்டி ‘இங்கே கவனி’ என்பது. கண்ணால் பார்க்கச் சொல்வதாகவே இருக்க வேண்டியதில்லை. பார்க்க எதுவும் இல்லாத இடத்திலும் வரும்.

இதைத் தமிழ் வாசகர்கள் ஆங்கிலேயரைவிட எளிதாகப் புரிந்துகொள்ளலாம். நம்மிடம் ‘இதோ’ இருக்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘பிஹோல்டு’ வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்திச் சொல்வது லத்தீனில் ‘எக்கே ஹோமோ’, ஆங்கிலத்தில் ‘பிஹோல்டு த மேன்’. தமிழில்: “இதோ, இந்த மனுஷன்”. வெளிப்படுத்தின விசேஷத்தில்: “இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்”. இங்கே ‘பார்’ என்று போட்டிருந்தால் எவ்வளவு தட்டையாக இருந்திருக்கும்!

ஆனால் அதே ஆங்கிலச் சொல் வினையாக வரும்போது தமிழ் ‘இதோ’வைத் தொடுவதில்லை. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் ‘அவருடைய மகிமையைக் கண்டோம்’ என்று வருகிறது, ஆங்கிலத்தில் ‘பிஹெல்டு’. மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில், தன் கண்ணில் உத்திரம் இருக்க அடுத்தவன் கண்ணில் இருக்கும் துரும்பை ஏன் பார்க்கிறாய் என்ற கேள்வி. ஆங்கிலத்தில் அதுவும் ‘பிஹோல்டு’தான், தமிழில் ‘பார்க்கிறதென்ன’. மகிமைக்குக் ‘காண்’, துரும்புக்குப் ‘பார்’, கூவலுக்கு ‘இதோ’. ஆங்கிலம் ஒரே பெட்டியில் போட்டதைத் தமிழ் மூன்று தட்டில் பரிமாறியிருக்கிறது. கிரேக்க மூலத்திலும் மகிமைக்கும் துரும்புக்கும் வெவ்வேறு வினைகள்தான். மகிமையைக் கண்ட வினை, நாம் சொல்லும் ‘தியேட்டர்’ என்ற சொல்லுக்கு உறவு.

சுருக்கமாக: ‘பிஹோல்டு’ வினையாக வந்தால் கண்ணை ஒன்றின்மேல் நிறுத்திவைப்பது, கூவலாக வந்தால் ‘இதோ’. வாக்கியத்தில் யார் காண்கிறார் என்று எழுவாய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலாவது. தனியாக, காற்புள்ளியோடோ வியப்புக்குறியோடோ நின்றால் பெரும்பாலும் இரண்டாவது.

‘உள்ளே போய்ப் பார்த்தா…’

கூவலுக்குள்ளேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் கடைசி வசனம். கடவுள் தாம் படைத்த எல்லாவற்றையும் பார்த்தார். ‘அண்ட், பிஹோல்டு’, அது மிகவும் நன்றாக இருந்தது. இங்கே யாரும் யாரையும் தோளில் தட்டவில்லை. பார்த்தவரின் கண் வழியாக, அவருக்குத் தெரிந்த கணத்திலேயே நமக்கும் தெரியவைக்கும் உத்தி அது. பழைய தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் ‘இதோ’வை விட்டுவிட்டு, ‘பார்த்தார், அது மிகவும் நன்றாயிருந்தது’ என்று நேரே போய்விடுகிறது. இழப்புதான்.

எழுத்துத் தமிழில் தவறிப்போனது பேச்சுத் தமிழில் பத்திரமாக இருக்கிறது. “சாவியைத் தேடு தேடுன்னு தேடி, கடைசில சட்டைப் பையில கையை விட்டுப் பார்த்தா, அங்கேயே கிடக்குது!” இந்தப் ‘பார்த்தா’வில் நிபந்தனை ஏதும் இல்லை, கையை விட்டவர் கண்ணால் பார்க்கவும் இல்லை. கதையில் திரை விலகும் இடம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘லோ அண்ட் பிஹோல்டு’ என்று இன்று சொல்வது அச்சு அசலாக இதைத்தான். அந்த ‘லோ’வும் பழைய கூவல்தான், இரண்டையும் சேர்த்துச் சொல்வது நம் இரட்டைச் சொற்கள் மாதிரி ஓசைக்காக. பிரெஞ்சில் ‘வொய்லா’வும் இந்த வகைதான், பிரித்தால் ‘பார், அங்கே’.

இணையத்தில் சுற்றும் ஒரு மீமையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மனிதன் என்பவன் இறகில்லாத இருகால் உயிர் என்று பிளேட்டோ வரையறுத்தாராம். டயோஜனிஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தத்துவஞானி இறகு பிடுங்கிய கோழியைக் கொண்டுவந்து ‘பிஹோல்டு! எ மேன்!’ என்றாராம். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருப்பது ‘இவன்தான் பிளேட்டோவின் மனிதன்’ என்று மட்டும்தான். பிஹோல்டு பின்னால் வந்தவர்கள் தூவிய மசாலா. கோழிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்று எங்கே சொல்லலாம்

பேச்சில் இந்தச் சொல்லை நேராகச் சொன்னால் நாடகம் போலத் தோன்றும். நண்பர் புதிதாகச் சுட்ட கேக்கைத் தூக்கிக் காட்டி ‘பிஹோல்டு!’ என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அதைச் சொல்வதும். அலுவலக மின்னஞ்சலில் ‘இணைப்பைப் பிஹோல்டு செய்யவும்’ என்று எழுதிவிடாதீர்கள். புதிய ஆங்கிலப் பைபிள் மொழிபெயர்ப்புகளில் பலவும் கூவலை விட்டு ‘லுக்’, ‘சீ’ என்று இறங்கிவந்துவிட்டன. சில மட்டும் பிடிவாதமாக வைத்திருக்கின்றன.

உயிரோடு இருக்கும் சில வழக்குகள் உண்டு. ‘எ சைட் டு பிஹோல்டு’ என்றால் கண்ணை எடுக்கமுடியாத காட்சி. அழகு என்பது பிஹோல்டரின் கண்ணில் இருக்கிறது என்ற சொலவடை இன்னொன்று. 1878-இல் மார்கரெட் வுல்ஃப் ஹங்கர்ஃபோர்டு எழுதிய நாவலில் அது இன்றைய வடிவிலேயே இருக்கிறது. பிஹோல்டர் என்றால் காண்பவர். எதையோ கையில் வைத்திருப்பவர் அல்ல.

பால் பாத்திரத்தை மட்டும் இந்தச் சொல் எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆங்கிலம் பேசும் அம்மா இன்று கொல்லைப்பக்கம் போகும்போது ‘பிஹோல்டு த மில்க்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அவர் சொல்வது ‘கீப் அன் ஐ ஆன் த மில்க்’. பால்மேல் ஒரு கண்ணை வை. காத்தலிலிருந்து கண்ணுக்கு நகர்ந்த சொல் காவலை மறந்துபோனதும், ‘கீப்’ என்ற காவலையும் ‘ஐ’ என்ற கண்ணையும் தனித்தனியாக எடுத்து ஆங்கிலம் மறுபடி ஒரு சொற்றொடராக முடிந்துவைத்திருக்கிறது.